பனியன் துணியைப் பார்க்கும் கேமராவுக்குச் சொந்த லென்ஸ்: மென்பொருளில் தொடங்கி லேத் பட்டறை வரை

கேள்வி இதுதான்: "அண்ணா, அவிநாசிப் பக்கம் நிட்டிங் யூனிட் வெச்சிருக்கோமுங்க. கிரே துணியில (சாயம் போடாதது) நீடில் லைன், ட்ராப் ஸ்டிச், ஓட்டை பார்க்கறதுக்கு ராஸ்பெர்ரி பை எச்க்யூ கேமராவ செக்கிங் டேபிள் மேல மாட்டியிருக்கேன். இருக்கற சிசிடிவி லென்ஸ்ல நடுவுல நல்லா தெரியுது, ஓரத்துல கோடு வளையுது, மங்குது. பிக் கிளாஸ்ல (நூல் எண்ணற பூதக்கண்ணாடி) பார்க்கற மாதிரி ஒரு இஞ்ச் துணி முழுசா தெளிவா தெரியணும். நானே லென்ஸ டிசைன் பண்ணி அரைச்சு வாங்க முடியுங்களா? எந்த சாஃப்ட்வேர்ல போடறது?"

முடியும் தம்பி. டிசைன் செய்வதற்குக் காசு செலவே இல்லை, கண்ணாடியை அரைத்து வாங்குவதில்தான் செலவு. ஆனால் உங்க வேலைக்கு அந்த அரைக்கும் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. கடையில் கிடைக்கும் தயார் லென்ஸ் ஒன்றைச் சரியான தூரத்தில், சரியான துளையோடு (ஒளி நுழையும் வழி) வைத்தாலே வேலை முடியலாம். அதையும் மென்பொருளில் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் டிசைன் கற்றுக்கொள்வது எப்படிப் பார்த்தாலும் வீணாகாது.

முதலில் தாளில் போட வேண்டிய கணக்கு

எச்க்யூ கேமராவில் (ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினிக்கான கேமரா) இருப்பது சோனி ஐஎம்எக்ஸ்477 சென்சார். 4056 × 3040 பிக்சல், ஒரு பிக்சல் 1.55 மைக்ரான். சென்சார் அகலம் 6.29 மி.மீ., உயரம் 4.71 மி.மீ., மூலைவிட்டம் 7.9 மி.மீ. ஒரு அங்குலத் துணி, அதாவது 25.4 மி.மீ., அந்த 6.29 மி.மீ. அகலத்தில் விழ வேண்டும். வகுத்தால் 0.248. உருப்பெருக்கம் 0.25 என்று வைத்துக்கொள்ளலாம். நடுவிலிருந்து மூலை வரை துணியில் சுமார் 15.9 மி.மீ., சென்சாரில் 3.95 மி.மீ.

அடுத்தது, எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பது. பருத்தி நூலின் விட்டத்தை அங்குலத்தில் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு: கவுண்டின் (நூலின் நயத்தைச் சொல்லும் எண்) வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்கி, 1-ஐ அதனால் வகுப்பது. 30ஸ் நூலுக்கு அது 0.0065 அங்குலம், 0.166 மி.மீ. உங்க கேமராவில் ஒரு பிக்சல் துணியில் 6.2 மைக்ரானைப் பார்க்கிறது. ஆக ஒரு நூலுக்கு 27 பிக்சல் கிடைக்கிறது. ட்ராப் ஸ்டிச்சோ நீடில் லைனோ கண்டுபிடிக்க அவ்வளவு வேண்டியதே இல்லை. நூல் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 55 மைக்ரான், தனியாகப் பிரிந்து தெரிந்தால் தாராளம். சென்சாரில் அது 14 மைக்ரான்.

இந்த 14 மைக்ரான்தான் உங்க டிசைனின் மொத்த விலையையும் முடிவு செய்கிறது. "12 மெகாபிக்சல் கேமரா, அதற்கு ஏற்ற லென்ஸ்" என்று தொடங்கினால் 1.55 மைக்ரானைத் துரத்த வேண்டி வரும். அதற்கு ஆறேழு கண்ணாடித் துண்டும், ஒன்றோடொன்று சில மைக்ரானுக்குள் மையம் சேர்ந்த குழலும் தேவைப்படும். 14 மைக்ரான் போதும் என்றால் ஒரே ஒரு டப்லெட் (இரண்டு கண்ணாடியை ஒட்டிச் செய்த லென்ஸ்) போதும். ஒளியின் அலைத்தன்மையால் வரும் புள்ளியின் விட்டம், அலைநீளம் × எஃப் எண் × 2.44. எஃப் எண் என்பது இங்கே லென்ஸிலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது. பச்சை ஒளிக்கு எஃப்/10-இல் அது 13 மைக்ரானுக்குச் சற்று மேல். ஆகவே உங்க எஃப் எண் 10 பக்கத்திலேயே நிற்கலாம். அதற்கு மேல் துளையைச் சுருக்கினால் எந்த லென்ஸாக இருந்தாலும் மங்கும்.

குவியத் தூரத்தை எப்படித் தேர்வது

0.25 உருப்பெருக்கத்துக்குத் துணியிலிருந்து சென்சார் வரை மொத்தத் தூரம் குவியத் தூரத்தைப்போல் 6.25 மடங்கு. 25 மி.மீ. லென்ஸ் என்றால் 156 மி.மீ., 50 என்றால் 312, 100 என்றால் 625.

குட்டியாக இருக்கட்டும் என்று 16 அல்லது 25 மி.மீ. எடுக்கத் தோன்றும். அங்கேதான் ஓரம் கெடுகிறது. துளையை ஒட்டி இருக்கும் மெல்லிய லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு: எந்தப் பக்கம் எவ்வளவு வளைத்தாலும் அதன் அஸ்டிக்மேட்டிசம் (ஓரத்தில் புள்ளி ஒரு திசையில் நீளும் குறை) மாறாது. அதோடு பெட்ஸ்வால் வளைவும் (லென்ஸுக்கு இயல்பாகவே உள்ள பட வளைவு) சேர்வதால், படம் தட்டையான சென்சாரில் விழாமல் கிண்ணம் போன்ற ஒரு பரப்பில் விழுகிறது. சாதாரணக் கண்ணாடிகளுக்கு அந்த வளைவால் வரும் விலகல், படத்தின் உயரத்தை வர்க்கம் செய்து, குவியத் தூரத்தால் வகுத்து, சுமார் 1.35-ஆல் பெருக்கினால் வரும். மூலைக்கு 25 மி.மீ. லென்ஸில் 0.84 மி.மீ., 50-இல் 0.42, 100-இல் 0.21. எஃப்/10-இல் இதைப் பத்தால் வகுத்தால் மங்கல் வட்டம்: 84, 42, 21 மைக்ரான். ஃபோகஸை நடுவுக்கும் மூலைக்கும் பாதியாகப் பங்கு போட்டால் இதுவும் பாதியாகும்.

50 மி.மீ. லென்ஸில் பாதியாக்கிய பிறகு மூலையில் 21 மைக்ரான். கேட்டது 14. ஆனால் இடது வலது ஓரங்களில், அதாவது நடுவிலிருந்து 3.14 மி.மீ.-இல், அந்த ஓரத்துக்கும் நடுவுக்கும் ஃபோகஸைப் பங்கு போட்டால் 13 மைக்ரான்தான் வரும். நான்கு மூலை மட்டும் கொஞ்சம் மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். செக்கிங் டேபிளுக்கு மேலே 65 செ.மீ. இடம் இருந்தால் 100 மி.மீ. லென்ஸை எடுங்க, மூலையும் சரியாகிவிடும். இடம் இருக்கும்போது கண்ணாடித் துண்டுகளை அடுக்குவது வீண் வேலை.

கோடு வளைவது வேறு நோய். அது துளை லென்ஸை விட்டுத் தள்ளி இருப்பதாலும், அகலக் கோண லென்ஸின் அமைப்பாலும் வருகிறது. மெல்லிய லென்ஸை ஒட்டியே துளையை வைத்தால் வளைவு ஏறக்குறையச் சுழியமாகிவிடும். உங்க முதல் குறை அங்கேயே தீர்ந்தது.

எந்த மென்பொருள்

ஓஸ்லோவின் கல்விப் பதிப்பு இலவசம், விண்டோஸில் ஓடும், 10 பரப்புகள் வரை போடலாம். டப்லெட்டுக்கும் ட்ரிப்லெட்டுக்கும் (மூன்று கண்ணாடி லென்ஸ்) அது போதும். வின்லென்ஸ்3டி பேசிக் இன்னொரு இலவச வழி. பைத்தான் எழுத வரும் என்றால் ரேஆப்டிக்ஸ், ஆப்டிலாண்ட் இரண்டும் திறந்த மூலம். ரேஆப்டிக்ஸ் ஸீமாக்ஸ் கோப்புகளை நேராகப் படிக்கும். தார்லேப்ஸ், எட்மண்ட் மாதிரி விற்பனையாளர்கள் தங்கள் தயார் லென்ஸ்களுக்கு அந்தக் கோப்பை இணையத்தில் கொடுத்தே வைத்திருக்கிறார்கள். அதனால் அளவுகளைக் கையால் அடிக்க வேண்டியதில்லை. ஸீமாக்ஸ், கோட்-வி இரண்டும் தொழில்முறைக் கருவிகள். பொழுதுபோக்காகச் செய்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எதை எடுத்தாலும் முதல் நாள் புது லென்ஸ் போடாதீங்க. விடை தெரிந்த ஒன்றைப் போட்டு, மென்பொருள் அதே விடையைத் தருகிறதா என்று பாருங்க. 100 மி.மீ. டப்லெட் ஒன்றின் அளவுகள்: முதல் பரப்பு ஆரம் +62.75, தடிமன் 4.0, கண்ணாடி என்-பிகே7. இரண்டாம் பரப்பு −45.71, தடிமன் 2.5, கண்ணாடி எஸ்எஃப்5. மூன்றாம் பரப்பு −128.23, அதன் பிறகு காற்று. குவியத் தூரம் 100.1, கடைசிப் பரப்பிலிருந்து குவியம் வரை சுமார் 97.1 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ஆரத்தின் குறியைத் தவறவிட்டிருப்பீங்க (வளைவின் மையம் வலப்பக்கம் இருந்தால் கூட்டல், இடப்பக்கம் இருந்தால் கழித்தல்). அல்லது கண்ணாடிப் பட்டியல் ஏற்றப்படாமல் அந்த இடத்தைக் காற்றாக எடுத்திருக்கும். அல்லது அலைநீளத்தை மைக்ரானில் கேட்கும் இடத்தில் நானோமீட்டரில் அடித்திருப்பீங்க: 0.5876 வேண்டிய இடத்தில் 587.6.

இதே டப்லெட்டைக் கையாலும் சரிபார்க்கலாம். நிறப்பிறழ்ச்சி (நிறத்துக்கு நிறம் ஃபோகஸ் மாறுவது) ஒழிய வேண்டுமானால், முன் கண்ணாடியின் திறன் மொத்தத் திறனைப்போல் எத்தனை மடங்கு என்றால், அதன் ஆபே எண்ணை (கண்ணாடி நிறங்களை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்பதைச் சொல்லும் எண்) இரு ஆபே எண்களின் வித்தியாசத்தால் வகுத்தது. பிகே7-க்கு 64.17, எஸ்எஃப்5-க்கு 32.21. வகுத்தால் 2.008. மிச்சம் −1.008 பின் கண்ணாடிக்கு. ஆபே எண்கள் நெருக்கமாக இருந்தால் இந்த மடங்குகள் பெரிதாகி, வளைவுகள் செங்குத்தாகி, அரைக்கும் செலவும் பிழையும் ஏறும். அதனால் ஆபே எண்ணில் 25, 30 இடைவெளி உள்ள ஜோடியாகப் பார்த்து எடுங்க.

உங்க 50 மி.மீ. டப்லெட்

மேலே சொன்னதை அப்படியே பாதியாக்குங்க: 31.38, −22.86, −64.12. தடிமனும் 2.0, 1.25 ஆகும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. லென்ஸ் விட்டம் 12.5 மி.மீ. என்றால், விளிம்பில் முன் வளைவு 0.63 மி.மீ.-உம் நடு வளைவு 0.87 மி.மீ.-உம் தின்றுவிடும். 2.0 மி.மீ. தடிமனில் விளிம்புக்கு அரை மி.மீ.தான் மிஞ்சும். அரைக்கும்போதே அது சில்லு சில்லாகப் பெயரும். முன் கண்ணாடியின் தடிமனை 3.0, பின் கண்ணாடியை 1.5 ஆக்குங்க. விளிம்பு 1.5 மி.மீ. கிடைக்கும். குவியத் தூரம் 50.0-இலிருந்து 50.2 ஆகும், கடைசிப் பரப்பிலிருந்து குவியம் 48.1 மி.மீ. வரும். தடிமனை மாற்றுவதால் வரும் இந்த மாற்றம் சின்னதுதான், பயப்பட வேண்டாம்.

இப்போது அமைப்பு. பொருள் தூரம் 249. அடுத்து 6 மி.மீ. துளை, அதிலிருந்து 1 மி.மீ. தள்ளி முதல் பரப்பு, கடைசிப் பரப்பிலிருந்து சென்சார் 60.6. முன் கண்ணாடி துணியைப் பார்க்க வேண்டும். தூரம் அதிகமுள்ள பக்கம் அதுதான். திருப்பி வைத்தால் கோளப்பிறழ்ச்சி (நடுக் கதிரும் ஓரக் கதிரும் ஒரே இடத்தில் குவியாத குறை) கூடும். புலத்தைக் கோணத்தில் கொடுக்காமல் பொருளின் உயரமாகக் கொடுங்க: 0, 11, 15.9 மி.மீ. மூன்று புள்ளிகள். நடுப்புள்ளியை மட்டும் கொடுத்து மென்பொருளை ஓட்டினால், அது நடுவை ஊசிமுனையாக்கிவிட்டு ஓரத்தைக் கைகழுவிவிடும். கேட்டதைத்தான் அது செய்யும், நினைத்ததைச் செய்யாது.

மேம்படுத்தும்போது எல்லா ஆரங்களையும் ஒரேயடியாக அவிழ்த்துவிடாதீங்க. கடைசி ஆரத்தைக் குவியத் தூரம் 50-க்குக் கட்டிவையுங்க. முதல் இரண்டை மட்டும் மாற விடுங்க. சென்சார் தூரத்தையும் மாற விடுங்க, ஏனென்றால் நல்ல ஃபோகஸ் இருக்கும் இடமும் கணக்கில் வரும் பாராக்ஸியல் குவியமும் (அச்சை ஒட்டிய கதிர்கள் குவியும் இடம்) ஒன்றல்ல. விளிம்புத் தடிமன் 1.2 மி.மீ.-க்குக் குறையக்கூடாது, மையத் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று இரண்டு கட்டுப்பாட்டை எழுதிவிடுங்க. அது இல்லாவிட்டால் மென்பொருள் எதிர்மறைத் தடிமன் உள்ள அற்புதமான லென்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்துத் தரும். ஸ்பாட் படம் (கதிர்கள் சென்சாரில் விழும் புள்ளிகளின் படம்) பிரமாதமாக இருக்கும், அதை உலகத்தில் யாராலும் அரைக்க முடியாது.

ஸ்பாட் வரைபடத்தைப் பார்க்கும்போது அதன் மேலே 13 மைக்ரான் ஏரி (Airy) வட்டத்தையும், அதாவது ஒளியின் அலைத்தன்மையால் வரும் அந்தப் புள்ளியையும் சேர்த்து வரையச் சொல்லுங்க. நடுப்புலத்தில் புள்ளிகள் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தால் அங்கே இனி மேம்படுத்த எதுவுமில்லை. மூலையில் புள்ளிகள் நீள்வட்டமாகத் தெரியும். அதுதான் முன்பு சொன்ன அஸ்டிக்மேட்டிசம். அதை ஆரங்களை மாற்றிச் சரிசெய்ய முடியாது, எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும்.

ஒளியை மாற்றினால் லென்ஸே எளிதாகும்

கிரே துணி என்றீங்க. சாயம் போடாத துணிக்கு நிறம் வேண்டியதில்லை. வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு 525 நானோமீட்டர் பச்சை எல்இடி போட்டால், நிறப்பிறழ்ச்சி ஏறக்குறைய ஒழிந்தது. பிகே7-இல் செய்த 50 மி.மீ. ஒற்றை லென்ஸ் நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே 0.78 மி.மீ. ஃபோகஸ் மாறும். பச்சை எல்இடியின் 30 நானோமீட்டர் அகலத்துக்கு அது 0.15 பக்கம் சுருங்கும். எஃப்/10-இல் அதனால் வரும் மங்கல் 15 மைக்ரான், அதுவும் பட்டையின் இரு முனைக்கு மட்டும். ஆக ஒரு பிளேனோ-கான்வெக்ஸ் போதும். ஆரம் 25.84 மி.மீ., ஒரு பக்கம் தட்டை. வளைவுப் பக்கம் துணிக்கு, தட்டைப் பக்கம் சென்சாருக்கு. இது எல்லா ஆப்டிக்ஸ் விற்பனையாளரிடமும் தயாராகக் கிடைக்கும். முதல் மாதிரியை இதில் செய்து பாருங்க.

சாயத் துணிக்கு இது உதவாது. சிவப்பும் மெரூனும் பச்சை ஒளியில் கறுப்பாகிவிடும். ஷேடு பார்ப்பதும் முடியாது. அங்கே வெள்ளை விளக்கும் டப்லெட்டும்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் லென்ஸ் வாங்கி ஒட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. +10 என்றால் 100 மி.மீ. குவியத் தூரம், கணக்கு சரிதான். ஆனால் மூக்குக்கண்ணாடி லென்ஸ் கண் உருள்வதற்கு ஏற்ப வளைக்கப்பட்டது. துளையை அதன் பின்னால் 25 மி.மீ. தள்ளி வைத்தால்தான் ஓரளவு ஒழுங்காகப் படம் தரும். கணக்கைப் பழகிப் பார்க்க நல்லது, இயந்திரத்தில் மாட்ட வேண்டாம்.

அரைக்கக் கொடுப்பதானால்

தயார் லென்ஸில் முடியாத நிலை எப்போது வரும்? டேபிளுக்கு மேலே 15 செ.மீ.தான் இடம் என்றாலோ, 3 அங்குலத் துணியை ஒரே பார்வையில் மூலை வரை பார்க்க வேண்டும் என்றாலோ. அப்போது ட்ரிப்லெட்டுக்குப் போகணும். 1893-இல் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த குக் ட்ரிப்லெட்: இரண்டு குவிலென்ஸ், நடுவில் ஒரு குழிலென்ஸ், இடையில் காற்று. ஆறு ஆரம், இரண்டு இடைவெளி என எட்டு திருகுகள். ஐந்து சைடல் பிறழ்ச்சி (கோளப்பிறழ்ச்சி, அஸ்டிக்மேட்டிசம் மாதிரி அடிப்படைக் குறைகள்), இரண்டு நிறப்பிறழ்ச்சி, குவியத் தூரம் ஆக எட்டு தேவைகள். கணக்குக்குக் கணக்கு சரியாகப் பொருந்தும். படம் தட்டையாவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் வலுவான குழிலென்ஸ். அது மையம் விலகினால் கெடுவதும் அதே காரணத்தால்தான். மென்பொருளோடு வரும் மாதிரி ட்ரிப்லெட் ஒன்றை எடுத்து உங்க அளவுக்குச் சுருக்கித் தொடங்குங்க. வெறும் தட்டைக் கண்ணாடிகளிலிருந்து தொடங்கினால் மென்பொருள் ஏதாவது ஒரு குழியில் விழுந்து எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

அரைப்பவரிடம் போகும் முன் அவரிடம் டெஸ்ட் பிளேட் பட்டியல் கேளுங்க. ஒவ்வொரு ஆரத்துக்கும் சரிபார்க்கும் கண்ணாடியும் அரைக்கும் கருவியும் வேண்டும். பட்டியலில் இல்லாத ஆரம் கேட்டால் அந்தக் கருவிச் செலவு உங்க தலையில் விழும், பல நேரம் அது லென்ஸ் விலையையே தாண்டும். உங்க 31.38-க்குப் பக்கத்தில் அவரிடம் 31.2 இருந்தால் அதையே போடுங்க, அந்த ஆரத்தைப் பூட்டிவிட்டு மற்றவற்றை மறுபடி மேம்படுத்துங்க. அடுத்த ஆரத்துக்கும் அப்படியே. ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் இடைவெளியும் தடிமனும் மிச்சப் பிழையை வாங்கிக்கொள்ளும்.

கண்ணாடி பெயரிலும் கவனம். பிகே7 கேட்டால் எச்-கே9எல் போடட்டுமா என்பார்கள். ஒளிவிலகல் எண் 1.5168, ஆபே எண் 64.2 என்று ஏறக்குறைய ஒன்றுதான், சம்மதிக்கலாம். பழைய எஸ்எஃப்5-இல் ஈயம் உண்டு. என்-எஸ்எஃப்5 ஈயமில்லாதது, எண்கள் கிட்டத்தட்ட அதேதான். மாற்றுவதானால் மாற்றிய கண்ணாடியைப் போட்டு ஒருமுறை கணக்கை ஓட்டிவிட்டுச் சரி சொல்லுங்க.

வரைபடத்தில் எழுத வேண்டிய சகிப்பு (அளவில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பது), இந்த வேலைக்கு: விட்டம் +0/−0.1 மி.மீ., தடிமன் ±0.1, மையப் பிசகு 3 ஆர்க்மினிட், பரப்பின் ஒழுங்கு அரை அலைநீளம், கீறல்-குழி (பரப்பில் எவ்வளவு கீறலும் குழியும் இருக்கலாம் என்பதற்கான குறியீடு) 60-40. 12.5 மி.மீ. விட்டத்தில் 3 ஆர்க்மினிட் என்றால் விளிம்புத் தடிமன் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 11 மைக்ரான் வித்தியாசம் வரலாம் என்று பொருள். இதைவிட இறுக்கமாகக் கேட்கத் தோன்றினால், முதலில் மென்பொருளின் மாண்டி கார்லோவில் (சகிப்புக்குள் அளவுகளைத் தாறுமாறாக மாற்றிப் பார்க்கும் சோதனை) 300 லென்ஸை ஓட்டிப் பாருங்க. ஃபோகஸைச் சரிசெய்ய அனுமதித்து ஓட்டணும், நீங்க அதை நிஜத்தில் திருகிச் சரிசெய்யத்தானே போறீங்க. பத்தில் ஒன்பது லென்ஸ் 14 மைக்ரானுக்குள் வந்தால் சகிப்பைத் தளர்த்துங்க. எந்த ஒரு அளவு மட்டும் கெடுக்கிறதோ அதை மட்டும் இறுக்குங்க. எல்லாவற்றையும் இறுக்கி எழுதிய தாளைப் பார்த்தால் அரைப்பவர் விலையைக் கூட்டிச் சொல்வார் அல்லது பதிலே சொல்ல மாட்டார்.

லென்ஸ்களைப் பல துண்டுகளாக ஒரே அச்சில் ஒட்டித்தான் மெருகேற்றுவார்கள். அதனால் ஒன்றுக்கும் பத்துக்கும் விலை பெரிய வித்தியாசம் இருக்காது. கண்ணாடியில் பூச்சு இல்லாத ஒரு பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். மக்னீசியம் ஃப்ளூரைடு ஒற்றைப் பூச்சு அதை 1.3 பக்கம் கொண்டுவரும். டப்லெட்டுக்கு அது போதும். ட்ரிப்லெட்டில் ஆறு காற்றுப் பரப்பு இருப்பதால் பூச்சு கட்டாயம்.

குழல்: இது நம்ம ஊர் வேலை

கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ பம்ப், மோட்டார் பாகம் கடையும் எந்த லேத் பட்டறையும் இதைச் செய்யும். கேமராப் பக்கம் ஆண் த்ரெட்: 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 புரி. மெட்ரிக் பிச் என்று நினைத்து 0.8 மி.மீ. போட்டால் சுற்றச் சுற்றப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 32 புரி என்பது 0.794 மி.மீ. இதை முதலிலேயே சொல்லிவிடுங்க. எச்க்யூ கேமரா சிஎஸ் மவுன்ட். மவுன்ட் முகத்திலிருந்து சென்சார் 12.5 மி.மீ. கூட வரும் வளையத்தைப் போட்டால் சி மவுன்ட், 17.5 மி.மீ. கடைசிப் பரப்பிலிருந்து 60.6 வேண்டும் என்றால் சிஎஸ் முகத்திலிருந்து லென்ஸுக்கு 48 மி.மீ. சென்சார் முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடி, தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸைப் பின்னால் தள்ளும். இதையெல்லாம் துல்லியமாகக் கணக்கிடுவதைவிட, குழலை இரண்டாக்கி ஒன்றுக்குள் ஒன்று ±3 மி.மீ. நழுவும்படி கடைந்து, எம்3 கிரப் ஸ்க்ரூ மூன்றால் பூட்டுவதே நல்லது.

லென்ஸ் உட்காரும் போரிங் லென்ஸைவிட 0.05 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். பட்டறையில் அளவுக்கு ஒரு லென்ஸையே கொடுத்துவிடாதீங்க, அளந்த எண்ணைக் கொடுங்க. மைக்ரோமீட்டர் வாய் கண்ணாடி விளிம்பைச் சில்லு எடுத்துவிடும். லென்ஸைப் பிடிக்கும் ரிங்கை விரலால் தொட்டு நிற்கும் அளவுக்குத்தான் திருக வேண்டும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கண்ணாடி பிசகி, புள்ளி சிலுவை போல் தெரியும். அப்போது டிசைனைக் குறை சொல்லிப் பயனில்லை.

குழலின் உட்புறத்தைக் கறுப்பு ஆனோடைஸ் செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சாய்வான கோணத்தில் அது கண்ணாடி மாதிரி பளபளக்கும். வெள்ளைத் துணியிலிருந்து வரும் ஒளி உள்ளே பட்டுப் படம் முழுக்க வெளிறும். உட்புறம் முழுக்கச் சும்மா ஒரு நெருக்கமான த்ரெட் ஓட்டி, அதன் மேல் மேட் கறுப்பு அடியுங்க. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சோதிப்பது

முதலில் குவியத் தூரம். ஸ்டீல் ஸ்கேலைப் படமெடுத்து உருப்பெருக்கத்தைக் கணக்கிடுங்க. ஸ்கேலைச் சரியாக 100 மி.மீ. தள்ளி, லென்ஸை மட்டும் சென்சாரிலிருந்து நகர்த்தி மறுபடி ஃபோகஸ் செய்து, மறுபடி கணக்கிடுங்க. துணிப் பக்கம் லென்ஸிலிருந்து தூரம் எவ்வளவு மாறியதோ, அதை உருப்பெருக்கத் தலைகீழ்களின் வித்தியாசத்தால் வகுத்தால் குவியத் தூரம். முதன்மைத் தளம் (லென்ஸுக்குள் தூரத்தை அளக்கத் தொடங்கும் இடம்) எங்கே இருக்கிறது என்று தெரியவே வேண்டாம்.

பிறகு புது பிளேடு ஒன்றை 5 டிகிரி சாய்த்து வைத்துப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து நடுவிலும் நான்கு ஓரத்திலும் எடுங்க. எம்டிஎஃப் மேப்பர் என்ற இலவச மென்பொருள் அந்த விளிம்பிலிருந்து எம்டிஎஃப் வளைவைத் (நுணுக்கம் கூடக் கூடத் தெளிவு எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டுவது) தரும். மென்பொருளில் வந்த வளைவோடு ஒப்பிடுங்க. நடு சரி, நான்கு ஓரமும் சமமாகக் குறைவு என்றால் அது புல வளைவு, எதிர்பார்த்ததுதான். ஒரு ஓரம் மட்டும் மோசம் என்றால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது அல்லது கேமரா துணிக்கு நேராக இல்லை. கேமராவை 180 டிகிரி திருப்பி எடுத்தால் எது என்று தெரிந்துவிடும்: மோசமான ஓரம் கேமராவோடு திரும்பினால் குழலில் குறை, டேபிளோடு நின்றால் மாட்டியதில் குறை.

இந்த அமைப்பில் துணி மேலும் கீழும் சுமார் 2 மி.மீ. வரை ஆடலாம், தெளிவு கெடாது. ஆனால் துணி ஓடிக்கொண்டே இருந்தால் லென்ஸால் ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் 0.05 மி.மீ. நகர்வுக்கு 0.15 மில்லிசெகண்ட்தான் நேரம். எச்க்யூ கேமராவின் ரோலிங் ஷட்டர் வரி வரியாகப் படமெடுப்பதால் படம் சாய்ந்துவிடும். அதற்கு, எல்லா வரியையும் ஒரே நேரத்தில் எடுக்கும் ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமரா இருக்கிறது: ஐஎம்எக்ஸ்296, 1456 × 1088, பிக்சல் 3.45 மைக்ரான். ஒரு அங்குலத்துக்கு அதில் உருப்பெருக்கம் 0.2, நூலுக்கு 9 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், அது போதும். பச்சை எல்இடியை அதே நேரத்துக்கு மின்னவைக்கணும். இதே 50 மி.மீ. லென்ஸ் அதற்கும் ஆகும், மொத்தத் தூரம் 360 மி.மீ. ஆகும்.

கடைசியாகப் பஞ்சு. நிட்டிங் ஹாலில் ஒரு ஷிப்டிலேயே லென்ஸ் முகத்தில் படிந்துவிடும். முன்னால் 1 மி.மீ. தட்டைக் கண்ணாடி ஒன்றைத் துளையை ஒட்டியே வையுங்க. அங்கே படியும் பஞ்சு படத்தில் உருவமாகத் தெரியாது, வெளிச்சம் மட்டும் கொஞ்சம் குறையும். துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கம்ப்ரெசர் காற்றை மட்டும் அதன் மேல் அடிக்காதீங்க, லைனில் வரும் எண்ணெயும் தண்ணீரும் பஞ்சோடு சேர்ந்து பசையாக ஒட்டிக்கொள்ளும். ரப்பர் புளோயர் போதும்.